சின்னத்தொரை நின்ற இடம்

தெமோதரை ரயில் நிலையத்தில் ஒரு மாலை, பதுளைக்குப் போகும் ரயிலில் ஏற வலது காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. வலி இல்லை. உள்ளங்காலில் மட்டும் சில நாட்களாக எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு இருந்தது. செருப்பை மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். பின்னால் நின்றவர் இடுப்பில் கைகொடுத்து என்னைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, "என்னாங்க, பொழுது சாயுறதுக்குள்ளயே ஏத்தியாச்சா?" என்று கேட்டார். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை. கொடுத்த தேத்தண்ணி வாயின் ஒரு ஓரத்தால் வழிந்தது. மனைவி கமலா கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, தன் அண்ணனுக்கு ஆளனுப்பினாள்.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் நடந்தது. நான் அப்போது ஒரு நாளேட்டுக்குப் பதுளையிலிருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். மண்சரிவு, பஸ் விபத்து, தோட்டத்து வேலைநிறுத்தம் என்று மற்றவர்களுக்கு நடந்ததை எழுதிப் பழகிய கை. எனக்கு நடந்ததை எழுத இவ்வளவு காலம் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதே நோய் வந்து படுத்திருப்பவர்களின் வீட்டார் சிலர் கேட்டதால் இப்போது எழுதுகிறேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் வைத்தியர் ஒரு சிறிய ரப்பர் சுத்தியலால் முழங்காலின் கீழே தட்டினார். கால் தானாக உதற வேண்டும், உதறவில்லை. கணுக்கால், முழங்கை எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தார். எங்கும் பதில் இல்லை. பிறகு என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகெலும்பின் நடுவே ஊசி இறக்கி, மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். அந்த நீரில் புரதம் கூடியிருந்தது. நோயின் பெயர் கில்லன் பாரே என்றார்.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு விளங்கியது. லுணுகலைப் பக்கம் மண்சரிவு பார்க்கப் போய், கிடைத்த இடத்தில் தண்ணீர் குடித்து, வயிறு கெட்டுப்போயிருந்தது. அந்தக் கிருமியைக் கொல்ல உடம்பு உண்டாக்கிய படை, கிருமி போன பிறகும் ஓயாமல், ஆள் மாறி என் நரம்புகளின் மேலுறையைத் தின்னத் தொடங்கிவிட்டது. உறை உரிந்த மின்கம்பி போல, மூளை அனுப்பும் கட்டளை வழியிலேயே கசிந்துவிடும். உறை திரும்பவும் வளரும். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். நோய் காலிலிருந்து மேலே ஏறும். மூச்சுக்கு உதவும் தசைகள் வரை ஏறுமா, அதற்கு முன் நிற்குமா என்பதுதான் கேள்வி.

"எங்க வந்து நிக்கும், டாக்டர்?"

"நின்ன பிறகுதான் சொல்லலாம்," என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. நரம்பு வழியாக மருந்து ஏறியது. வைத்தியர் வரும்போதெல்லாம் ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். எவ்வளவு தூரம் எண்ண முடிகிறதோ அவ்வளவு மூச்சு மிச்சம் என்று கணக்கு. எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தது. கமலா கட்டில் ஓரத்தில் நின்று என்னோடு சேர்ந்து வாயசைத்து எண்ணுவாள். நான் நின்ற பிறகும் அவள் உதடு இரண்டு எண் தள்ளிப் போய்த்தான் நிற்கும். பிறகு ஒருநாள் எண்ணிக்கை குறையவில்லை. அடுத்த நாளும் குறையவில்லை. என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள்.

உயிர் தப்பியது என்று எல்லோரும் சொன்னார்கள். தப்பியது கண்ணும் காதும் தொண்டையில் ஒரு முணுமுணுப்பும். கழுத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்க்கலாம். கையும் காலும் வெறுமனே கிடந்தன. விழுங்குவதில் தடுமாற்றம் இருந்தது. இருமுவதற்குப் பலம் இல்லை. இருமல் எவ்வளவு பெரிய வேலை என்று சுகமாக இருப்பவனுக்குத் தெரியாது. தொண்டையில் கோழை இறங்கினால் அதை வெளியே எடுக்க ஒரு ஆள் வந்து என்னைப் புரட்ட வேண்டும். அல்லது தாதி குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். வராவிட்டால் சத்தமில்லாமல் மூச்சு நின்றுவிடும். கூப்பிட எனக்குக் குரல் இல்லை, மணியை அழுத்த விரல் இல்லை. ஆகவே பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த வார்டில் நான் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்: ஆள் இல்லாமல் போகும் ஒரு நேரத்துக்கு.

அந்த ஆள் என் மச்சான் செல்வராஜ், கமலாவின் அண்ணன். ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து, ஆண்கள் வார்டில் துணைக்கு நிற்பதற்கான அனுமதி வாங்கி, கட்டிலருகே ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். கமலா ஆசிரியை. பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பார்வையாளர் நேரத்துக்கு வருவாள்.

படுக்கைப்புண் வராமல் இருக்க மச்சான் என்னைப் பக்கம் மாற்றிப் போடுவார். "தேயிலக் கொழுந்த வாட்டப்போட்டா இப்படித்தான் மாப்ள, அப்பப்ப புரட்டிவிடணும். இல்லாட்டி ஒரு பக்கம் வெந்துரும்," என்பார். அடுத்த கட்டிலில் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு கிடந்த ராமையா, "அப்ப எப்பய்யா அரைக்கப் போடுவீங்க?" என்று கேட்பார். ராமையா லுணுகலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டில் யார் எப்போது எழும்பினார், யாருக்கு மருந்து வந்தது, யாருக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விடிகாலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட பழக்கம் விட்டுப்போகவில்லை.

எங்கள் கட்டில்கள் இருந்தது வார்டின் உள்ளே அல்ல. நோயாளிகள் கூடியதால் பக்கத்து வராந்தாவைப் பலகையும் கண்ணாடியும் வைத்து அடைத்துச் சில கட்டில்கள் போட்டிருந்தார்கள். வராந்தா திறந்து கிடந்த காலத்தில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் ஒரு சீமெந்துத் திட்டுப் போட்டிருந்தார்கள். அடைத்த பிறகும் திட்டு அப்படியே இருந்தது. உயரம் ஒன்றுமில்லை. நடந்து வருபவர்கள் பார்க்காமலே தாண்டுவார்கள். நான் மல்லாந்து கிடந்தபடி, யார் தாண்டுகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தில் கண்டுபிடிக்கப் பழகியிருந்தேன்.

இந்த வராந்தாவுக்குத்தான் அந்த மெஷின் வந்தது.

ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வாசுகி அதைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம்; தகப்பனார் பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்ததால் இங்கேதான் வளர்ந்தவர். முப்பது வயது இருக்கும். மெஷின் இடுப்பளவு உயரம். அடியில் சக்கரங்கள், நடுவே பேட்டரி, மேலே ஒரு தட்டு. தரையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நகரும். கட்டிலோடு கட்டிய சுவிட்சை அழுத்தினால், தாதியர் மேசையருகிலிருந்து தண்ணீர்ப் போத்தலைச் சுமந்துகொண்டு அந்தக் கட்டிலுக்கு வரும். வந்து நின்ற பிறகும் நோயாளி போத்தலைத் தொடாவிட்டால் பலமாக ஒலியெழுப்பும்; தாதி ஓடிவருவார். எனக்கு மட்டும் கையால் அழுத்தும் சுவிட்சுக்குப் பதிலாக, கன்னத்தால் அழுத்தும் மெத்தென்ற ஒன்றைத் தலையணையோடு பொருத்தினார்.

"அண்ணா, கழுத்தைச் சாய்ச்சுப் பாருங்கோ. நோகுதே?"

நோகவில்லை. அழுத்தினேன். எங்கோ தொலைவில் ஒரு ரீங்காரம் தொடங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு நான் செய்த ஒரு காரியம் உலகத்தில் எதையோ அசைத்தது.

"ஆய்வுகூடத்தில இது ஒழுங்கா ஓடுது," என்றார் வாசுகி. "ஆனா அங்க ஆக்கள் இல்லை. கட்டிலுக்குக் கீழ பை இல்லை, ஈரத் தரை இல்லை. ஆக்கள் இருக்கிற இடத்தில என்ன செய்யுதெண்டு பாக்கத்தான் வந்தனான். நீங்கள் ஒண்டும் விசேஷமாச் செய்ய வேண்டாம். தேவைப்பட்டா அழுத்துங்கோ, அவ்வளவுதான். நான் உள்ளுக்கை தாதியர் மேசையடியில இருப்பன். நான் பக்கத்தில நிண்டா எல்லாரும் எனக்காக நடப்பியள்."

மெஷின் கட்டில் கட்டிலாக நின்று நின்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ராமையா, "இதென்ன, மல பாக்க வந்த சின்னத்தொர மாதிரி," என்றார். தோட்டத்தில் மேலாளரான பெரியதொரைக்கு அடுத்தவர் சின்னத்தொரை; தேயிலை மலைகளைச் சுற்றி வேலையை மேற்பார்ப்பவர். அதற்குப் பிறகு வார்டில் யாரும் அதை வேறு பெயரால் சொல்லவில்லை. "சின்னத்தொர வர்றாரு, காலை எடுங்கய்யா" என்று வழி விடுவார்கள்.

சோதனை தொடங்கிய பிறகுதான் அதில் என்ன அடங்கியிருக்கிறது என்று சிஸ்டர் சொன்னார். வராந்தா ஒடுக்கம். துணைக்கு நிற்பவர்களின் வாங்கு, பை, பிளாஸ்க் எல்லாம் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. தொற்றும் கூடுகிறது என்று மேலிடத்துக்குக் கவலை. மெஷின் சரிவந்தால் பகலில் துணைக்கு ஆள் நிற்பதை நிறுத்திவிடுவார்கள். பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் வரலாம்.

சரிவரும் போலத்தான் இருந்தது. அழுத்தியபோதெல்லாம் வந்தது. ராமையா ஒரே காலைப்பொழுதில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார். மாலையில் வாசுகி வந்து ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்பார். "நல்லா இருக்குங்க மிஸ்." "ஒரு கொறையும் இல்லிங்க." "நம்ம சின்னத்தொரைக்கு என்னாங்க, தங்கமானவரு." கையில் காகிதமும் பேனையும் வைத்துக்கொண்டு வந்து யார் கேட்டாலும் தோட்டத்து மக்கள் சொல்லும் பதில் இது. எத்தனையோ தடவை செய்தி எடுக்கப் போய் இதே பதிலோடு திரும்பியிருக்கிறேன். அதனால் அந்தப் பதில்களை நான் நம்பவில்லை. ஆனால் மெஷின் வந்துகொண்டிருந்ததே, அதை எப்படி நம்பாமல் இருப்பது?

காதுதான் காட்டிக்கொடுத்தது. ரீங்காரம் தாதியர் மேசையிலிருந்து சீராக வரும். வாசலுக்குக் கிட்ட வந்ததும் சத்தம் கூடும், மேடேறும் பஸ்ஸைப் போல. பிறகு திடீரென்று நின்றுவிடும். ரப்பர் செருப்பு இரண்டு மூன்று தரம் தட்டும். யாரோ மூச்சைப் பிடித்து விடுவார். அதன் பிறகு ரீங்காரம் திட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும். ஒருதரம் இரண்டுதரம் அல்ல. கேட்டுக்கொண்டே கிடந்தேன், ஒவ்வொரு தடவையும் அதே வரிசை. செருப்பு மச்சானுடையது. அவர் வெளியே போயிருந்தால் வேறு செருப்பு.

அன்று அவர் என் பாதத்துக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தபோது கேட்டேன். என் குரல் அப்போது காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும்.

"மச்சான். அத நீங்க தூக்கி விடுறீங்களா?"

"எத?"

"சின்னத்தொரைய."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பலக போட்டிருக்கு மாப்ள, ஏறுறதுக்கு. ஆனா காலைல தரைய தொடைக்கிறாங்கல்ல, பலக நவுந்துருது. ஈரத்துல சக்கரம் வழுக்குது. சும்மா ஒரு கை குடுத்தா தாண்டிரும். பாரமே இல்ல."

"எப்பவுமா?"

"நான் இல்லாட்டி ராமையா கெழவன், தொணைக்கு நிக்கிற தம் மகன அனுப்புறாரு. இல்லாட்டி அந்தப் பக்கத்துக் கட்டில்காரரு."

ராமையா தன் கட்டிலிலிருந்து சொன்னார்: "பெரியதொர மல பாக்க வர்றப்ப கங்காணிக்கு ஏச்சு விழாம பாத்துக்கிறதில்லயா? அதேதான். அந்தப் புள்ளைக்கு இது பரீட்ச. மேல ஒருத்தன் இருப்பான், மார்க் போட. நம்ம கண்ணு முன்னுக்குப் பெயிலாகிப் போகணுமா?"

வாசுகி தன்னைப் பரீட்சிக்க வரவில்லை, மெஷினைப் பரீட்சிக்க வந்தார் என்று எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு அது தெரிய நியாயம் இல்லை. தோட்டத்தில் எந்தச் சோதனையும் கடைசியில் ஒரு ஆளின் தலையில்தான் விழும். அவர்கள் பார்த்த உலகத்தில் பொருளை மட்டும் சோதிக்கும் சோதனை கிடையாது.

"இது பாஸானா, ஒங்கள பகல்ல நிக்க விடமாட்டாங்க," என்றேன்.

"சிஸ்டர் சொன்னாங்க."

"தெரிஞ்சுமா?"

"போகச் சொன்னா போறதுதான். அதுக்காக அந்தப் புள்ளைய பெயிலாக்குறதா?" இடது காலை இறக்கி வைத்துவிட்டு வலது காலை எடுத்தார். "நான் இல்லாட்டி என்ன, சின்னத்தொர வரும்ல? ஒங்களுக்குத்தான் கன்னத்துல பட்டன் இருக்கே."

நான் கூரையைப் பார்த்தேன். சொல்வதற்கு மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது.

"நீங்க இல்லாட்டி, அத யாரு தூக்குறது?"

எண்ணெய் தேய்த்த கை நின்றது.

மறுநாள் காலை மச்சான் தானாகவே தாதியர் மேசைக்குப் போய் வாசுகியை அழைத்து வந்தார். "மிஸ், கோவிச்சுக்கக் கூடாது," என்று தொடங்கி, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். வாசுகி கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஆமாங்க மிஸ். வேணும்னு செய்யல."

"எத்தினை நாள் இதைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தனான்," என்றார் மெதுவாக. "சக்கரத்தைக் கணக்கெடுத்தனான், நேரத்தைக் கணக்கெடுத்தனான். உங்கட கையை மட்டும் கணக்கெடுக்கேல்லை." கோபம் இல்லை. வெளிறிப் போயிருந்தார் என்று மச்சான் பிறகு சொன்னார். என் கண்ணுக்கு அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

பிறகு அவர் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொண்டார். இன்று யாரும் கைவைக்கக் கூடாது. தானும் வாசலிலேயே நின்று பார்ப்பதாகச் சொன்னார்.

"அப்ப நாங்க சும்மா பாத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டார் ராமையா.

"ஓம் ஐயா."

"வுழுந்தாலும்?"

"விழுந்தாலும். விழுந்தாத்தான் எனக்கு விளங்கும்."

"நல்ல வேலதான் இது," என்றார் ராமையா.

முற்பகலில் தரை துடைத்தார்கள். டெட்டோல் வாடை வந்தது. மச்சான் எனக்குக் கெட்டியான கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு வாங்கில் போய் உட்கார்ந்தார். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொண்டையின் அடியில் எதுவோ வழுகி நின்றது. கஞ்சியா கோழையா தெரியவில்லை. விழுங்கப் பார்த்தேன். போகவில்லை. இருமப் பார்த்தேன். நெஞ்சு சும்மா கிடந்தது.

கன்னத்தைச் சாய்த்து அழுத்தினேன். ரீங்காரம் தொடங்கியது.

வராந்தா முழுவதும் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. எல்லோரும் சோதனை தொடங்கிவிட்டது என்று நினைத்தார்கள். நான் தண்ணீருக்குத்தான் அழுத்தினேன் என்று நினைத்தார்கள். மூச்சு அடைபட்டவன் சத்தம் போடுவான் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம் உண்டு. போட மாட்டான். போடக் காற்று வேண்டும்.

மெஷின் வாசலுக்கு வந்தது. சத்தம் கூடியது. சக்கரம் ஈரத்தில் சுழலும் கிறீச்சொலி. நின்றது. திரும்பவும் கூடியது. நான் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. கூரையின் பலகை இடுக்குகள் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கின.

"மிஸ்," என்றது மச்சானின் குரல். "இப்ப எழும்பலாமா?"

"கொஞ்சம் பொறுங்கோ. திரும்ப ஒருக்கா முயற்சி செய்யும்."

அவர் பொறுத்தார். அவர் சொன்ன சொல் தவறாத மனிதர். சக்கரம் திரும்பவும் சுழன்றது.

"செல்வராசு," என்றார் ராமையா. குரல் பெரட்டுக்களத்துக் குரல். "மெஷின உடு. மொகத்தப் பாருடா."

வாங்கு சரிந்து விழுந்தது. மச்சான் என்னை ஒருக்களித்துப் புரட்டி, முதுகில் உள்ளங்கையால் அறைந்தார். வாசுகி சிஸ்டரைக் கூப்பிட்டுக் கத்தினார். சிஸ்டர் கோழை உறிஞ்சும் கருவியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். வாசலில் வழி இல்லை. பலகைக்கும் திட்டுக்கும் நடுவே குறுக்காக மாட்டிக்கொண்டு மெஷின் நின்றது. அது இன்னும் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருக்களித்துக் கிடந்ததால், அது அந்த வாசலில் மாட்டுவதை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன். வாசுகி மெஷினின் பக்கத்தில் காலை வைத்தார். தள்ளினார். அது தட்டும் போத்தலுமாகச் சுவரோரம் சாய்ந்து விழுந்தது. சக்கரங்கள் மேலே பார்த்துச் சுழன்றன. சிஸ்டர் அதைத் தாண்டி வந்தார். குழாய் தொண்டைக்குள் இறங்கியது. காற்று வந்தது.

மச்சான் குனிந்து, விழுந்து கிடந்த மெஷினை நிமிர்த்தி வைத்தார். எப்படி நிறுத்துவது என்று தெரியாததால் அதைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். வாசுகி வந்து சுவிட்சை அணைக்கும்வரை இறக்கவில்லை.

பின்னேரம் கமலா வந்தாள். நடந்ததை யாரோ வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கொண்டுவந்த சோற்றைப் பிரித்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் சாப்பிடாமல் வைத்திருந்ததைப் பார்த்து, "சாப்பிடுண்ணே. இன்னும் எவ்வளவு நாளைக்குப் புரட்டணும்," என்றாள். அவர் சாப்பிட்டார். எனக்கு மாற்றுத் துணியும், சின்ன மகள் வரைந்த ஒரு படமும் கொண்டுவந்திருந்தாள். படத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அதை நான் பார்க்கக்கூடிய ஒரே இடத்தில், எனக்கு நேர்மேலே, சேலைன் கம்பியில் தொங்கவிட்டாள்.

அவள் போன பிறகு வாசுகி வந்து கட்டிலருகே நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தவரின் முகம். ஆனால் அவர் கேட்டது ஒரு கேள்வி. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

"அண்ணா, ஒண்டு சொல்லுவீங்களே? எந்த நேரத்தில மெஷினை விட்டிட்டு ஆளைத் தேடினீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். "நான் மெஷினத் தேடவே இல்ல மிஸ். அழுத்தினதுமே செருப்புச் சத்தத்ததான் எதிர்பாத்தேன். இவ்வளவு நாளும் அதுதானே வந்துச்சு."

அவர் அதை எழுதவில்லை. தலையை மட்டும் அசைத்தார். வாங்கிலிருந்த மச்சானைப் பார்த்து, "நான் 'பொறுங்கோ' எண்டு சொன்னனான். நீங்கள் கேட்டிருக்கக் கூடாது," என்றார்.

"நீங்க சொன்னீங்க, கேட்டேன் மிஸ்," என்றார் மச்சான். "இனிமே ஒங்க பேச்ச கேக்க மாட்டேன்." அவர் பகிடி விட்டாரா உண்மையாகவே சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வாசுகி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்கு என்ன சொன்னார் என்பதைச் சிஸ்டர் மூலம் அறிந்தேன். இவ்வளவு நாளும் கிடைத்த பெறுபேறுகள் மெஷினுடையவை அல்ல, வராந்தாவில் இருந்தவர்களுடையவை. ஆகவே அவற்றை வைத்துத் துணைக்கு நிற்பவர்களை அனுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவருடைய பீடத்தில் இதற்கு என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மச்சானின் வாங்கு இருந்த இடத்திலேயே இருந்தது. மெஷினை வேனில் ஏற்றிய அன்று ராமையா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "சின்னத்தொரைக்கு மாத்தல்," என்று அறிவித்தார்.

உறை வளர்ந்தது. வைத்தியர் சொன்னபடியே, மேலிருந்து கீழே. முதலில் இருமல் திரும்பியது. முதல் இருமலுக்கு வராந்தாவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு தோள், கை, விரல். கால் கடைசியில் வந்தது, அதுவும் முழுதாக வரவில்லை. முழங்கால் தூக்கும், பாதம் மட்டும் முன்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். நடக்கும்போது கால்விரல் தரையில் இழுபடும். இதைப் பாதத் தொய்வு என்பார்கள். சமதரையில் சமாளிக்கலாம். கொஞ்சம் உயர்ந்த எதுவும் தடுத்துவிடும்.

உடற்பயிற்சி கொடுப்பவர் இளைஞர், கண்டிப்பானவர். வராந்தாவுக்குள் சில நாட்கள் நடக்கவிட்டு, ஒருநாள் வாசலைக் காட்டினார். "இன்னைக்கு அத தாண்டுறோம். யாரும் பிடிக்க வேணாம்."

வாசுகியும் அன்று அங்கே இருந்தார். கட்டில்களில் விட்டுப்போன வயர்களைக் கழற்ற வந்தவர், திட்டின் முன் குந்தியிருந்து ஒரு அடிமட்டத்தால் அதன் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். சக்கரத்தைப் பெரிதாக்கப் போவதாகச் சொன்னார். என்னைக் கண்டதும் எழும்பி ஒதுங்கினார். அடிமட்டத்தை எடுக்கவில்லை.

நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திட்டுவரை போனேன். பேச்சு நின்றது. அந்த அமைதியை எனக்குத் தெரியும். மச்சான் வாங்கில் இருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.

சட்டத்தைத் திட்டுக்கு அப்பால் வைத்தேன். வலது முழங்காலை, வேண்டிய அளவுக்கு மேலாகவே உயர்த்தினேன். தெமோதரையில் வராத கால். பாதம் தொங்கியபடியே வந்து, விரல் நுனி சீமெந்தை உரசி, அந்தப் பக்கத்தில் இறங்கியது. இடது காலைத் தூக்கினேன். விரல் திட்டில் இடித்தது. திரும்பத் தூக்கினேன். திரும்பவும் இடித்தது.

"மாப்ள," என்றார் மச்சான். "இப்ப எழும்பலாமா?"

இந்த முறை கேட்டது என்னிடம். இன்னொரு தடவை முயன்றேன். பிறகு சொன்னேன்.

"வாங்க மச்சான்."

செருப்புச் சத்தம் வந்தது. குனிந்து, கணுக்காலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார். கால் தாண்டியது.

"சரி, தாண்டியாச்சு," என்றார் உடற்பயிற்சியாளர், பேனையை எடுத்துக்கொண்டு.

"ரெண்டு காலும்னு எழுதுங்க சார்," என்று ராமையா பின்னாலிருந்து சத்தம் போட்டார். "நாங்க யாரும் ஒண்ணும் பாக்கல."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். வாசுகி என் முகத்தைப் பார்த்தார்.

"வலது கால எழுதுங்க," என்றேன். "இடது கால் மச்சானோடது."

உடற்பயிற்சியாளர் அப்படியே எழுதினார்.